மேலே பெயிண்ட்! கீழே துரு!

பழைய ஜீப் ஒன்று விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்க வருகிறவர் முதலில் எதைப் பார்க்கிறார்?

பெயிண்டைப் பார்க்கிறார். சீட்டைத் தட்டிப் பார்க்கிறார். டயரைக் காலால் உதைத்துப் பார்க்கிறார். பானட்டைத் தூக்கி என்ஜின் சத்தம் கேட்கிறார். தெருமுனை வரை ஓட்டிவிட்டு வந்து, விலை பேச உட்கார்ந்துவிடுகிறார்.

தரையில் சாக்கை விரித்து, மல்லாந்து படுத்து, வண்டிக்கு அடியில் பார்ப்பவர் மிகச் சிலர்.

ஜீப்பின் உயிர் அந்த அடியில்தான் இருக்கிறது!

நெல்லைச் சீமையில் பழைய ஜீப்மீது ஆசை உள்ளவர்கள் நிறையப் பேர். அப்பா காலத்து வண்டி என்று வைத்திருப்பவர்கள் உண்டு. தோட்டத்துக்கும் தோப்புக்கும் போக வைத்திருப்பவர்கள் உண்டு. மலைப்பாதையில் ஆட்களை ஏற்றிச்சென்று பிழைப்பவர்கள் உண்டு. எல்லாரும் வண்டிக்குச் செலவு செய்கிறார்கள். ஆனால் அந்தச் செலவு முழுவதும் கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கே போகிறது. கண்ணுக்குத் தெரியாத இடத்தைத் துரு தின்கிறது.

இது பணத்தைப் பற்றிய பேச்சு மட்டும் அல்ல. அந்த வண்டியில் உட்கார்ந்து போகிறவர்களின் உயிரைப் பற்றிய பேச்சு.

முதுகெலும்பு

மாட்டு வண்டிக்குப் போல் எப்படி உண்டோ, அப்படி ஜீப்புக்கு ஒரு அடிச்சட்டம் உண்டு. பட்டறையில் இதை 'சேஸ்' என்பார்கள்.

முன்னிருந்து பின்வரை இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்கள். அவற்றைச் சேர்த்துப் பிடிக்கக் குறுக்குச் சட்டங்கள். இவ்வளவுதான்.

ஆனால் எல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது. என்ஜின் இதில்தான் உட்கார்ந்திருக்கிறது. ஸ்பிரிங் பட்டைகள் இதில்தான் தொங்குகின்றன. ஸ்டியரிங் பெட்டி இதில்தான் முடுக்கப்பட்டிருக்கிறது. பிரேக் குழாய் இதை ஒட்டியேதான் ஓடுகிறது.

இன்றைய சிறிய கார்கள் பலவற்றில் இப்படித் தனிச் சட்டம் கிடையாது. உடம்பே சட்டமாக இருக்கும். ஜீப் அப்படி அல்ல. என்ஜின் போனால் வேறு என்ஜின் வைக்கலாம். மேல்கூடு போனால் வேறு கூடு கட்டலாம். சேஸ் போனால்?

வண்டியே போச்சு!

ஏனென்றால், வண்டியின் பதிவுப் புத்தகத்தில் இருக்கும் சேஸ் நம்பர், இந்தச் சட்டத்தில்தான் குத்தப்பட்டிருக்கிறது. அந்த இடத்தைத் துரு தின்றுவிட்டால், "இதுதான் அந்த வண்டி" என்று ஆபீசில் மெய்ப்பிப்பதே பெரும் பாடு.

ஜீப் வந்த கதை

ஜீப் பிறந்தது போரில். 1941-ல் அமெரிக்காவில் வில்லீஸ் கம்பெனி ராணுவத்துக்காகச் செய்து கொடுத்தது. சேறு, மணல், மலை எதுவானாலும் ஏறி இறங்கும் வண்டி வேண்டும் என்று ராணுவம் கேட்டது. 

சுதந்திரம் வந்த சில ஆண்டுகளுக்குள் மகிந்திரா கம்பெனி பம்பாயில் அதே வண்டியைப் பூட்டத் தொடங்கியது. 1952-ல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிற்று. அதன்பின் கிராமத்துப் பிள்ளைகள் பலர் முதன்முதலாகக் கண்ட மோட்டார், பி.டி.ஓ. வந்த ஜீப்தான். புழுதியைக் கிளப்பிக்கொண்டு அது வந்தால், பின்னாலேயே ஒரு பட்டாளம் ஓடும்!

அப்படி வந்த வண்டிகளிலும், அவற்றின் வழியில் பின்னால் வந்த வண்டிகளிலும் பல இன்னும் ஓடுகின்றன. கெட்டியான இரும்பு. அதனால்தான் அதற்கு ஒன்றும் ஆகாது என்று ஜனங்கள் நம்பிவிட்டார்கள்.

மலையில் மழை, கடலில் உப்பு

தாமிரபரணி பொதிகையில் பிறக்கிறது. புன்னைக்காயலில் கடலில் விழுகிறது. சிறிய ஆறுதான். ஆனால் இந்தச் சிறிய தூரத்துக்குள் இரும்பின் பகைவர்கள் இரண்டு பேரும் இருக்கிறார்கள்.

மேற்கே மழை. மணிமுத்தாறு அணையைத் தாண்டி, மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்று மலைமேல் ஏறினால், அங்கே இரண்டு பருவ மழையும் உண்டு. தமிழ்நாட்டிலேயே அதிக மழை கொட்டும் இடங்களில் ஊத்தும் நாலுமுக்கும் சேர்ந்தவை. அங்கே ஓடும் வண்டியின் அடிப்பாகம் மாதக் கணக்கில் காய்வதே இல்லை.

கிழக்கே உப்பு. தூத்துக்குடிப் பக்கம் உப்பளங்களைத் தாண்டி வரும் காற்றில் உப்பு இருக்கிறது. அது வீட்டு ஜன்னல் கம்பியையே தின்கிறது. ஜீப்பை விடுமா?

நடுவே செம்மண், கரிசல், வண்டல் என்று வகை வகையாகச் சேறு. திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணல் ஏன் அவ்வளவு சிவப்பு தெரியுமா? அந்த மணல் துகள்களின்மேல் படிந்திருப்பதும் ஒரு வகை இரும்புத் துருதான்!

இதோடு 2023-ல் வந்த வெள்ளத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த டிசம்பர் 18 காலையில் முடிந்த ஒரே நாளில், காயல்பட்டினத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஆறு ஊருக்குள் வந்தது. வண்டிகள் மூழ்கின. தண்ணீர் வடிந்ததும் எல்லாரும் என்ஜினைப் பிரித்தார்கள், ஆயிலை மாற்றினார்கள், சீட்டைக் காயவைத்தார்கள்.

சேஸுக்குள் புகுந்த வண்டலை யார் கழுவினார்கள்? அன்று கழுவப்படாத வண்டிகளில் அந்த வண்டல் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. மழைக்கு மழை ஊறிக்கொண்டு இருக்கிறது.

துரு என்றால் என்ன?

இரும்பு, தண்ணீர், காற்றில் உள்ள ஆக்சிஜன். இந்த மூன்றும் சேர்ந்தால் துரு. மூன்றில் ஒன்றை விலக்கிவிட்டால் துரு இல்லை. இதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

தண்ணீரில் உப்பு கலந்தால் வேலை இன்னும் வேகமாக நடக்கும். துரு பிடிப்பது ஒருவகை மின்சார வேலை. உப்புத் தண்ணீரில் மின்சாரம் எளிதாக ஓடும்.

அலுமினியமும் காற்றுப் பட்டால் மாறத்தான் செய்கிறது. ஆனால் அதன்மேல் உண்டாகும் படலம் கெட்டியாக ஒட்டிக்கொண்டு, உள்ளே இருப்பதைக் காக்கிறது. இரும்பின் துரு அப்படி அல்ல. அப்பளம்போல் பொரிந்து உதிர்கிறது. உதிர்ந்த இடத்தில் புது இரும்பு தெரியும். அதையும் தின்னும். போதாததற்குப் பஞ்சுபோல் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இன்னொரு விஷயம். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். இரண்டு தகடுகள் சேரும் இடத்தில் துரு புகுந்தால், அது ஊதி ஊதித் தகடுகளைப் பிரிக்கும். ரிவிட் ஆணியே தெறித்து வரும். அவ்வளவு பலம்!

உள்ளிருந்து தின்னும்

வெளியே தெரியும் துரு பெரிய ஆபத்து அல்ல. அதைப் பார்க்கலாம், சுரண்டலாம், பெயிண்ட் அடிக்கலாம்.

ஜீப்பின் சட்டத்தில் சில இடங்கள் திறந்த வாய்க்கால்போல் இருக்கும். சில இடங்களில் பலத்துக்காகத் தகடு வைத்துப் பெட்டிபோல் மூடியிருப்பார்கள். அந்தப் பெட்டிக்குள் தண்ணீர் போக வழி உண்டு. வெளியே வருவதற்காகச் சிறு துளைகளும் போட்டிருப்பார்கள். சேறு சேர்ந்து அந்தத் துளைகளை அடைத்துவிடும். பிறகு உள்ளே ஒரு சிறிய குளம்தான்!

வெளியே பெயிண்ட் அப்படியே இருக்கும். உள்ளே தகடு மெலிந்துகொண்டே போகும். ஒரு நாள் காகிதம்போல் ஆகிவிடும்.

ஸ்பிரிங் பட்டை தொங்கும் பிராக்கெட் இருக்கும் இடம், ஸ்டியரிங் பெட்டி முடுக்கிய இடம், பின் பக்கத்துக் குறுக்குச் சட்டம், மேல்கூடு சட்டத்தில் உட்காரும் இடங்கள். சேறு தங்குவதும் இங்கேதான். பாரம் விழுவதும் இங்கேதான்.

மலையிலிருந்து இறங்கும்போது ஸ்டியரிங் பெட்டி இருக்கும் இடத்தில் சட்டம் விரிந்தால் என்ன ஆகும்? துருப்பிடித்த பிரேக் குழாய் வெடித்தால் என்ன ஆகும்? வளைவுக்கு வளைவு பள்ளம் உள்ள பாதையில், உள்ளே பெண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும்போது!

ஏமாற்றும் கறுப்பு

வண்டியை விற்க நினைப்பவர் என்ன செய்கிறார்? அடியில் ஒரு கறுப்புப் பூச்சு அடித்துவிடுகிறார். தாரோ, தார்போன்ற ஒரு சாமானோ. புத்தம் புதிதுபோல் பளபளக்கும்.

சுத்தமான இரும்பின்மேல் அடித்தால் அந்தப் பூச்சு நல்லதுதான். துருவின்மேல் அடித்தால் அது காப்பு அல்ல, திரை. தார் நாளடைவில் வெடிக்கும். வெடிப்பில் தண்ணீர் இறங்கும். இறங்கிய தண்ணீர் வெளியே வராது. ஒன்றும் அடிக்காமல் விட்டிருந்தாலாவது வெயிலில் கொஞ்சம் காய்ந்திருக்கும்.

ஓட்டை விழுந்த இடத்தில் 'பட்டி' வைத்து அடைத்துத் தேய்த்துப் பெயிண்ட் அடிப்பதும் உண்டு. கதவில் செய்தால் அழகுக்கு என்று விடலாம். சேஸில் செய்தால் அது மோசடி. வேறு பெயர் கிடையாது.

வெல்டிங்கிலும் இரண்டு வகை உண்டு. துருப்பிடித்த தகட்டின்மேலேயே ஒரு துண்டை ஒட்டவைப்பது ஒன்று. துருப்பிடித்ததை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எறிந்துவிட்டு, அதே கனத்தில் புதுத் தகடு சேர்ப்பது இன்னொன்று. முதலாவது மலிவு. சீக்கிரமே பிய்ந்துவிடும். வெல்டிங் சூட்டில் உள்பக்கத்துப் பெயிண்டும் எரிந்துபோகும். உள்ளே மறுபடி பூச்சு செலுத்தாவிட்டால் அடுத்த துரு அங்கேதான். பழைய ஜீப் பலவற்றில் பெட்ரோல் டாங்கி டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கும். அதைக் கழற்றாமல் பக்கத்தில் வெல்டிங் நெருப்பைக் கொண்டுபோவது, தற்கொலைக்குச் சமம்.

ஆற்றுக்கு வேண்டாம்!

வண்டியின் அடிப்பாகத்தைக் கழுவ வேண்டும் என்றதும், ஜீப்பை நேரே ஆற்றில் இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

தாமிரபரணி குடிதண்ணீர். நெல்லை குடிக்கிறது, தூத்துக்குடி குடிக்கிறது. வண்டியின் கிரீசும் ஆயிலும் அதில் எதற்கு? அதோடு, ஆற்றில் முங்க வைத்தால் சக்கரத்துப் பேரிங்குக்குள்ளும் தண்ணீர் போகும். வண்டிக்கும் கெடுதல், ஊருக்கும் கெடுதல்.

இன்னொரு பழக்கம், என்ஜினிலிருந்து வடித்த பழைய ஆயிலை அடியில் பீய்ச்சி அடிப்பது. துருவை அது கொஞ்சம் தடுக்கும், உண்மை. ஆனால் பழைய ஆயிலில் அமிலமும் அழுக்கும் சேர்ந்திருக்கும். தோலுக்கும் ஆகாது. ரப்பர் புஷ்களைக் கெடுக்கும். சொட்டுச் சொட்டாக மண்ணில் விழுந்து, மழையில் வாய்க்காலுக்குப் போகும். மிச்சம் பிடித்த சில ரூபாய்க்கு இது பெரிய விலை.

கத்திரி வெயிலே மருந்து!

சரி, என்னதான் செய்வது?

குளிர் நாடுகளில் பனியை உருக்கச் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். அதனால் அங்கே துரு பெரும் தொல்லை. சேஸுக்குள் பூச்சு அடிப்பதற்குமுன், வண்டியைச் சூடான அறையில் நிறுத்திக் காயவைக்கிறார்கள்.

நெல்லைக்காரருக்கு அந்தச் செலவு இல்லை. அக்கினி நட்சத்திரம் இருக்கிறது!

சித்திரை வெயிலில் வண்டியை வாட்டர் சர்வீசுக்கு விட வேண்டும். மேலே அல்ல, கீழே கழுவச் சொல்ல வேண்டும். முதலில் ஒரு கம்பியால் துளைகளின் அடைப்பை நீக்க வேண்டும். சட்டத்துக்குள் நல்ல தண்ணீரைப் பாய்ச்ச வேண்டும். செந்நிறமாக வருவது தெளிவாக வரும்வரை பாய்ச்ச வேண்டும். பிறகு நாலைந்து நாள் வெட்டவெளி வெயிலில் நிறுத்திவிட வேண்டும். சட்டம் கை வைக்க முடியாதபடி சுடும். உள்ளே இருக்கும் கடைசிச் சொட்டு ஈரமும் போய்விடும்.

அதன்பின் வெளிப்பக்கத்துத் துருவைக் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் சுரண்ட வேண்டும். சுத்தியலால் தட்டினால் பொருக்கு தானாக உதிரும். உடனே ரெட் ஆக்சைடு போன்ற முதல் பூச்சு. அன்றைக்கே! சுரண்டிய இரும்பை ஒரு ராத்திரி சும்மா விட்டால் காலையில் மறுபடி செம்பழுப்பு தெரியும். முதல் பூச்சு காய்ந்தபின் மேல்பூச்சு.

உள்பக்கத்துக்குப் பெயிண்ட் எட்டாது. அதற்கென்று மெழுகு கலந்த எண்ணெய்ப் பூச்சுகள் விற்கின்றன. கம்ப்ரசரில் நீண்ட மெல்லிய குழாயை மாட்டி, துளை வழியாக உள்ளே செலுத்திப் பீய்ச்ச வேண்டும். மெழுகு இண்டு இடுக்கில் ஊர்ந்து போய்ப் படியும். துளைகளை மட்டும் மறுபடி அடைத்துவிடக் கூடாது. தண்ணீர் வரட்டும், போகட்டும். தங்கக் கூடாது.

ஐப்பசி மழைக்குமுன் ஒரு தடவை அடியில் பார்வை. தை பிறந்ததும் இன்னொரு பார்வை. கடற்கரைக்குப் போய்வந்தால் வீட்டுக்கு வந்ததும் கீழே நல்ல தண்ணீர்.

பாம்பனும் டொயோட்டாவும்

இது ஏதோ பழைய வண்டிக்காரரின் கவலை என்று நினைக்க வேண்டாம்.

1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலம், கடல் காற்றில் நூறு ஆண்டுக்குமேல் நின்றது. ஓயாமல் துரு சுரண்டி, ஓயாமல் பெயிண்ட் அடித்ததால்தான் நின்றது. முடிவில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். 2025 ஏப்ரலில் பக்கத்தில் புதுப் பாலம் திறந்தது.

அமெரிக்காவில் டொயோட்டாவின் சில வண்டிகளில் சேஸ் துருப்பிடிக்கிறது என்று சொந்தக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2016-ல் அந்தக் கம்பெனி சமரசத்துக்கு வந்தது. சுமார் 15 லட்சம் வண்டிகள். 340 கோடி டாலர் வரை செலவாகலாம் என்று கணக்குப் போட்டார்கள். பிரிட்டனின் லாண்ட்ரோவருக்கு உடம்பு அலுமினியம். அது துருப்பிடிக்காது. ஆனால் சட்டம் இரும்பு. அங்கே பழைய வண்டிக்காரர்கள் பலர், ஜி.ஐ. வாளிக்குப் பூசுவதுபோல் துத்தநாகம் பூசிய புதுச் சட்டத்தை வாங்கி, பழைய உடம்பை அதன்மேல் மாட்டுகிறார்கள்.

நம் பக்கத்திலேயே காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1953-ல் திறந்தார்கள். அங்கே விஞ்ஞானிகள் ஆராயும் பெரிய விஷயங்களில் ஒன்று இந்தத் துருதான். சிவகளையில் தோண்டி எடுத்த இரும்பு 5,000 ஆண்டுக்குமேல் பழமையானது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. தாமிரபரணிக் கரைக்கு இரும்பு புதிது அல்ல. அதைக் காக்கும் பாடம் மட்டும் பட்டறைக்கு வந்து சேரவில்லை.

வயதை எண்ணினால் போதுமா?

சொந்த வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு. அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒரு முறை சோதித்துப் புதுப்பிக்க வேண்டும். சர்க்கார் வண்டியானால் 2023 ஏப்ரல் முதல் 15 ஆண்டோடு சரி, புதுப்பிப்பே கிடையாது.

ஆண்டை எண்ணுவது சுலபம். ஆனால் துரு பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. உப்பளத்துப் பக்கம் கவனிப்பார் இல்லாமல் நிற்கும் பத்தாண்டு வண்டி உளுத்துப்போயிருக்கலாம். வறண்ட ஊரில் ஒழுங்காகக் காத்த நாற்பதாண்டு ஜீப், கல்போல் இருக்கலாம். பழைய வண்டியைச் சோதிக்கும்போது புகையையும் விளக்கையும் ஹாரனையும் பார்ப்பது சரி. ஒரு சுத்தியலையும் எடுத்து, சேஸைத் தட்டிப் பார்ப்பது அதைவிட அவசியம். ஆட்களை ஏற்றி மலைக்குப் போகும் வண்டிக்கு ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் இது நடக்க வேண்டும். ஆபீசர் கேட்டால்தான் என்று இல்லை. வண்டிக்காரரே செய்யலாம். சுத்தியலுக்கு லைசென்ஸ் வேண்டாம்!

வண்டி வாங்கப் போகிறவர் பட்டறைக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவது நல்லது. அந்தப் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"பெயிண்டப் பாத்தியளா, அண்ணாச்சி! கண்ணாடி மாதிரி இருக்கு!"

"பெயிண்டையா ஓட்டப் போறிய? அந்தச் சுத்தியல எடுங்க."

பட்டறைக்காரர் அடியில் படுப்பார். முன்னிருந்து தட்டிக்கொண்டே போவார். டங்... டங்... டங்... நல்ல இரும்பு மணிபோல் பேசும். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், ஸ்பிரிங் தொங்கும் இடத்தில், சத்தம் மாறும். சொத்! திருப்புளியை வைத்து அழுத்துவார். அது உள்ளே போகும்.

விற்க வந்தவரின் முகத்தை அப்போது பார்க்க வேண்டும்.